இடுப்புச் சாவி

தையல் ஆலையில் மூன்றாவது வரிசைக்கு அவள்தான் சூப்பர்வைசர். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் 'மிளகாய்' என்பார்கள். அவளுக்கும் தெரியும், கண்டுகொள்ளமாட்டாள். நாற்பது மெஷினில் ஒன்று ஒரு நிமிடம் நின்றாலும் அவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

அப்பேர்ப்பட்டவள் உருகியது தன் தம்பியிடம் மட்டும்தான். சட்டம் படிக்கிறான் என்று பேர். பாதி நாள் யாருடைய பிரச்சினையையாவது தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஏதாவது ஆபீஸ் வாசலில் நிற்பான். "உனக்கு எதுக்குடா ஊர் வம்பு?" என்று திட்டிக்கொண்டே சோறு போடுவாள். படிப்பு முடிய ஆறு மாதம் இருக்கையில் காய்ச்சலில் விழுந்தவன், நாலே நாளில் போய்விட்டான்.

ஒரு வருஷம் இடிந்து கிடந்துவிட்டு, அவன் பெயரில் கல்லூரி உதவித்தொகை ஒன்றை ஆரம்பித்தாள். மார்க் வேண்டாம், சிபாரிசு வேண்டாம். நியாயத்துக்காக யாரை எதிர்த்து நின்றாய் என்று ஒரு கடிதம் போதும். ஆனால் எதிராளியையும் போய் விசாரித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அது அவள் போட்ட விதி.

ஏழாவது வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி அவளும், தம்பியோடு படித்த வக்கீலும், ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரும். பெயர்களை மறைத்துவிட்டு வக்கீல் வாசித்தார். நாலாவது கடிதம் இது:

'என் அம்மா தையல் ஆலையில் மூன்றாவது வரிசையில் வேலை செய்கிறார். அங்கே கழிப்பறைக்குப் பூட்டு. சாவி சூப்பர்வைசர் இடுப்பில். ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் தருவார். அதற்குப் பயந்து அம்மா தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார். இப்போது சிறுநீரகத்தில் கல். வீடு வீடாகப் போய் முப்பத்தொரு பேரிடம் கையெழுத்து வாங்கி நிர்வாகத்துக்கு அனுப்பினேன். பதில் இல்லை. மறுபடியும் அனுப்புவேன்.'

டீச்சர் கொதித்துப்போனார். "அந்தம்மாவும் பொம்பளைதானே? மனசாட்சியே கிடையாதா?"

மிளகாயின் கை தானாக இடுப்புச் சாவிக்கொத்துக்குப் போனது. பூட்டச் சொன்னது மேனேஜர்தான். ஆனால் சாவியைப் பெருமையாக வாங்கிச் செருகிக்கொண்டது யார்? ஊரில் தையல் ஆலைகள் பத்து இருக்கின்றன; இது எந்த ஆலை என்று இவர்களுக்குத் தெரியப்போவதில்லை. வாயை மூடிக்கொண்டு கடிதத்தை ஒதுக்கிவிட்டால் மானமும் மிஞ்சும், வேலையும் மிஞ்சும். தம்பியின் பெயர் மிஞ்சாது.

"இந்தப் பிள்ளைக்கே கொடுத்துடலாம்," என்றாள்.

"அதெப்படிக்கா?" என்றார் வக்கீல். "நீங்க போட்ட விதிதானே? அந்த சூப்பர்வைசரை விசாரிக்க வேண்டாமா?"

அவள் இடுப்பிலிருந்த கொத்தை உருவி, அதில் ஒரு சாவியை மட்டும் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"விசாரிச்சாச்சு. எழுதினது அத்தனையும் நிஜம். அந்த மகராசி நான்தான்."

டீச்சருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. வக்கீல் மெதுவாகக் கடிதத்தை மடித்தார். அடுத்தவர் தப்பைத் தட்டிக்கேட்க ஆயிரம் பேர் வருவார்கள். தன் மேல் வந்த புகாருக்குத் தானே சாட்சி சொல்ல வந்தாளே, அந்த நெஞ்சுரம் லேசில் வராது.

திங்கட்கிழமை முதல் வேலையாக ஸ்க்ரூடிரைவரோடு போய்க் கழிப்பறையின் வெளிக் கொண்டியையே கழற்றி எறிந்தாள். மேனேஜர் தையத்தக்கா என்று குதித்தார்.

"யாரைக் கேட்டு இதைச் செஞ்ச?"

"முப்பத்தொரு பேரு கையெழுத்துப் போட்டுக் கேட்டாங்களே சார், நீங்கதான் பார்க்கலை. என்னையும் சேர்த்து இப்ப முப்பத்திரெண்டு."

வேலை போகும் என்றுதான் அவள் நினைத்தாள். நாற்பது மெஷினும் ஒரே நேரத்தில் நின்றன. மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

மறுநாள் அவள் வரிசையைச் சுற்றி வந்தபோது, ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது.