தறிக்குழியில் அடைபடுத்த கோழி

பிள்ளையார்பாளையத்தில் கோழி வளர்ப்பவர்கள் நிறையப் பேர். கோழியின் மனசை மாற்றத் தெரிந்தவர் ஒருவர்தான். பேர் கங்கையம்மாள், எங்கள் தெருவுக்குக் கங்கையக்கா. பட்டு நெய்கிற பரமசிவத்தின் கூடப்பிறந்த அக்கா. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்குத் தெருவில் மூன்று கதைகள் உண்டு. மூன்றையும் நான்தான் கிளப்பிவிட்டேன் என்று அவர் சொல்லுவார். அது அபாண்டம். இரண்டுதான் என்னுடையது.

காலையில் தம்பிக்குத் தார் சுற்றிக் கொடுப்பார். தறியில் குறுக்கே ஓடுகிற மரக்கட்டையான நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் பட்டு நூலை ஏற்றுகிற வேலை அது. மற்ற நேரமெல்லாம் பின்பக்கம் கிணற்றடியில் கோழிகளோடுதான். ஆறேழு பெட்டைகள். சேவல் கிடையாது. இருந்த ஒன்றைப் பரமசிவம் போன ஆடியில் அம்மனுக்கு நேர்ந்துவிட்டார். நேர்ந்தது அம்மனுக்கு, தின்றது பரமசிவம்.

கோழிக்கு அடைக்குணம் வந்துவிட்டால் முட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓரிடம் பார்த்து உட்கார்ந்துவிடும். சரியாக இரையெடுக்காது. கிட்டப் போனால் சிலிர்த்துக்கொண்டு கொத்தும். முட்டை போடுவதும் நின்றுவிடும். சிலர் அதன் மூக்கில் இறகைச் செருகுவார்கள், சிலர் வாளித் தண்ணீரில் முக்கியெடுப்பார்கள். கங்கையக்காவுக்கு அந்தச் சித்திரவதை எல்லாம் பிடிக்காது. தக்காளி வருகிற பிளாஸ்டிக் கூடை ஒன்றை முருங்கை மரத்தில் தொங்கவிட்டு, கோழியை அதில் போட்டு மேலே வலையைக் கட்டிவிடுவார். கூடைக்கு அடியில் காற்று போய்வரும்.

"வவுத்துச் சூடு ஆறணும்பா. ஆறுச்சின்னா புத்தி தன்னால வந்துடும்" என்பார்.

இரண்டு மூன்று நாளில் கோழி இறங்கி, ஒன்றுமே நடக்காத மாதிரி குப்பையைக் கிளறும். தெருப் பெண்கள் கட்டைப்பையில் கோழியைப் போட்டு எடுத்துக்கொண்டு வருவார்கள். அவருக்கு 'அடை கலைக்கிற கை' என்று பேராகிவிட்டது.

அந்தப் பேரால்தான் வினை வந்தது. பரமசிவத்தின் மகள் சந்தியாவை ஏனாத்தூரில் கொடுத்திருந்தார்கள். இரண்டு முறை கரு தங்காமல் போய், மூன்றாவது ஏழு மாதம் தாண்டியதும் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். வந்த அன்றே குழாயடியில் பேச்சு ஆரம்பித்துவிட்டது, வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் அடை கலைக்கலாமா என்று. பரமசிவத்தின் மனைவி கமலவேணி காதில் அது விழுந்தது. நாத்தனாரிடம் நேராகவே சொன்னார்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. கொழந்த பொறக்குற வரைக்கும் யார் வூட்டுக் கோழியும் வாங்காதீங்க."

"நானா போயி வாங்கியாறேன்? அவுங்களே கொண்டாந்து போட்டுட்டுப் போறாங்க."

"நம்ம சந்தியாவுக்காக அண்ணி."

கங்கையக்கா கூடையை அவிழ்த்துப் பரண்மேல் போட்டுவிட்டார். சந்தியாவைத் தோளில் போட்டு வளர்த்தவர் அவர்தான்.

அந்த வாரம் பரமசிவம் ஒரு சேலையை முடித்து அறுத்திருந்தார். அடுத்த சேலைக்கான நீள நூல், புதுப் பாவு, வந்து பிணைக்கிறவரைக்கும் தறி சும்மா நிற்கும். அப்படி நிற்கும்போது, நெய்கிறவர் காலைத் தொங்கப்போட்டு மிதிக்கிற குழியைப் பலகை போட்டு மூடிவைப்பது வழக்கம். பாவு நாளைக்கே வந்துவிடும், எதற்கு மூடி எதற்குத் திறப்பது என்று பரமசிவம் அப்படியே விட்டுவிட்டார். பாவு வரவில்லை. கோழி வந்தது.

கறுப்புக் கோழி, கங்கையக்காவின் சொந்தக் கோழி. குழிக்குள் தவறி விழுந்து கிடந்த ஒரு நாடாவை முட்டை என்று நினைத்து, அதன்மேல் இறக்கையை விரித்து அடைபடுத்துவிட்டது. கங்கையக்கா இரண்டு கையாலும் அதைத் தூக்கி வெளியே விட்டார்.

உடனே பக்கத்து அறையிலிருந்து சந்தியா கூப்பிட்டாள். "அம்மா, கொழந்த அசையல."

வெல்லத் தண்ணீர் கொடுத்தார்கள். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். வயிறு கல் மாதிரி இருந்தது. ஆட்டோ வைக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கும்போதே, யாரும் பார்க்காத நேரத்தில் கோழி தானாகத் திரும்பி வந்து குழிக்குள் இறங்கி உட்கார்ந்தது.

"தோ, ஒதைக்குதும்மா" என்றாள் சந்தியா.

இதையும் அதையும் அன்றைக்கு யாரும் முடிச்சுப்போடவில்லை. மறுநாள் பரமசிவம் கோழியைத் தூக்கிப் பின்பக்கம் விட்டுப் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து மூடினார். அறைக்கதவு சாத்தியிருந்தது. சந்தியாவுக்கு வெளியே நடப்பது எதுவும் தெரியாது. ஆனால் உள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"அப்பா, இப்போ இன்னா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலியேமா."

"பண்ணத எடுத்துடுங்கப்பா. கொழந்த நின்னுடுச்சி."

கோழியைக் கொண்டுபோய்க் குழியில் விட்டார். விட்டதும் குழந்தை மறுபடி உதைத்தது என்று டீக்கடையில் என்னிடம் சொன்னார்.

அதன்பிறகு கோழியைத் தொடக் கூடாது என்று கமலவேணி தீர்மானமாகச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்தார்கள், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். "கோழியப் பத்தி டாக்டரம்மாவாண்ட சொன்னீங்களா?" என்று பரமசிவத்தைக் கேட்டேன். "சொன்னா எனக்குல்ல ஸ்கேன் எடுப்பாங்க" என்றார். அவரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

ஒருவழியாகப் பாவு வந்தது.

"நான் எங்க கால வெக்கிறது? இது தறியா, கோழிக்கூண்டா?" என்றார் பரமசிவம்.

"பேரப்புள்ள வேணுமா, தறி வேணுமான்னு முடிவு பண்ணிக்கோங்க" என்றார் கமலவேணி. பாவு சுருட்டினபடியே மூலையில் கிடந்தது. காலையிலிருந்து ராத்திரிவரை தறிச்சத்தம் கேட்கிற வீட்டில் சத்தமே இல்லை. தெருவில் போகிறவர்கள் அந்த வாசலை எட்டிப் பார்க்காமல் போனார்கள்.

நாள் போகப்போகக் கங்கையக்காவுக்கு வேறொரு பயம் வந்தது. நொய்யை ஊறவைத்துக் கோழியின் அலகோரம் கொண்டுபோனால் அது வாயைத் திறக்கவில்லை. கொண்டை வெளுத்துவிட்டது. கையில் எடுத்தால் எலும்புதான் இருக்கும் என்று பார்க்கும்போதே தெரிந்தது. ஆனால் எடுக்க முடியாது. அது ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் சந்தியாவின் கட்டில். ஒருநாள் மத்தியானம் அக்கா இரண்டு அறைக்கும் நடுவில் நின்று பார்த்தார். சந்தியாவும் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு அதே சுவரைத்தான் இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கமலவேணியைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டுச் சொன்னார்.

"கமலா, குஞ்சு சத்தம் காதுல வுழுந்தாத்தான் அடைக்கோழி ஏந்திருக்கும். இதுக்குக் கீழ இருக்குறது கட்டை. கட்டை எந்தக் காலத்துல பொரியும்?"

"அதுக்கு?"

"உக்காந்த வாக்குலியே செத்துப்போன கோழிய நான் பாத்திருக்கேன். கண்ணுகூட மூடல."

கமலவேணி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்ல முட்டை வாங்கியாந்து வெக்கலாமா அண்ணி?"

"பொரிய மூணு வாரம் ஆவும். அது வரைக்கும் இந்த உசுரு தாங்காது. அதுல ஒண்ணு கூமுட்டையாப் போச்சின்னா இன்னா பண்ணுவ?"



மறுநாள் மத்தியானம் வானம் கறுத்துக்கொண்டு வந்தபோது சந்தியாவுக்கு வலி எடுத்துவிட்டது. நாள் இன்னும் இருந்தது. பக்கத்துவீட்டு அருள் ஆட்டோவைக் கொண்டுவந்தான். எல்லோரும் ஏறினார்கள். கங்கையக்கா ஏறவில்லை.

"நீங்க போங்க. இதப் பாக்க ஆள் வேணும்" என்றவர், அருளைத் தனியாகக் கூப்பிட்டார். "எறக்கி வுட்டுட்டு பஸ் ஸ்டாண்டாண்ட போ. அட்டைப்பொட்டில குஞ்சு விப்பான் பாரு ஒருத்தன். அஞ்சு குஞ்சு வாங்கியா."

"அவங்கிட்ட கலர் அடிச்சதுதான் இருக்கும்க்கா."

"இருட்டுல அதுக்குக் கலர் தெரியாதுப்பா. சீக்கிரம் வா."

மூன்று ரோஸ், இரண்டு பச்சை கிடைத்தது. சேலைக்கு முக்குகிற சாயத்தில் மிச்சத்தைக் குஞ்சுக்கு முக்கிவிட்டார்களோ என்று அருள் கேட்டானாம். அக்கா அவனை வாசலோடு அனுப்பிவிட்டார்.

அதன்பிறகு நடந்ததை அவர் ஒரே ஒரு முறைதான் என்னிடம் சொன்னார். கை நுழைகிற அளவுக்கு இடம் விட்டுக் குழியைப் பலகையால் மூடி இருட்டாக்கியிருக்கிறார். முதல் குஞ்சைக் கோழியின் பின்பக்கமாக அடியில் விட்டார். அடிவயிற்றில் இறகு இல்லை, வெறும் தோல், ஜுரம் வந்த மாதிரி கொதித்தது. கோழி ஒரு சத்தம் போட்டது. இத்தனை வருஷத்தில் எந்தக் கோழியிடமும் அந்தச் சத்தத்தை அவர் கேட்டதில்லை. அடுத்த நிமிஷம் குஞ்சு வெளியே வந்து விழுந்தது. தலையில் ரத்தம்.

அப்போது போன் அடித்தது. பரமசிவம்.

"அக்கா, பொறந்துடுச்சி. பொண்ணு."

"ஏண்டா கொரலு இப்டி இருக்குது?"

"அழலக்கா. இன்னும் அழல. உள்ள தூக்கிக்கினு பூட்டாங்க. நாங்க கதவாண்டதான் நிக்கிறோம்."

"போன கட் பண்ணாத."

ஸ்பீக்கரில் போட்டுத் தறிமேல் வைத்தார். அடிபட்ட குஞ்சை முந்தானையில் துடைத்து மறுபடி அடியில் விட்டார். அடுத்ததை விட்டார். அதற்கடுத்தது. கோழி கழுத்தைத் திருப்பி அலகை அவர் மணிக்கட்டின்மேல் வைத்தது. கொத்தவில்லை, சும்மா வைத்துக்கொண்டிருந்தது. ஐந்தும் உள்ளே போய்விட்டன. ஒன்றுகூடக் கத்தவில்லை. போனில் தம்பி மூச்சுவிடுகிற சத்தம் மட்டும் வந்தது. வெளியே மழை விழ ஆரம்பித்தது.

பிறகு இறக்கைக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் கீச்சு. அதைக் கேட்டுக் கோழி அடித்தொண்டையில், தாய்க்கோழி குஞ்சுக்கு மட்டும் கொடுக்கிற அந்தக் குரலைக் கொடுத்தது. போனில் கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தை வீறிட்டது.

எது முன்னாடி, கோழியின் குரலா குழந்தையின் அழுகையா என்று கேட்டுப் பார்த்தேன்.

"அத மட்டும் கேக்காத" என்றார்.

காலையில் கோழி குழியைவிட்டு ஏறி வந்து தண்ணீர் குடித்தது. பின்னாலேயே மூன்று ரோஸ், இரண்டு பச்சை, ஒரு கறுப்பு.

அக்கா குழிக்குள் இறங்கித் தடவிப் பார்த்தார். நாடா மட்டும் கிடந்தது. முட்டை ஓட்டின் துண்டு ஒன்றுகூட இல்லை. அருளைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"அஞ்சுதான்க்கா குடுத்தான். நான் இன்னா கண்ணு தெரியாதவனா? கறுப்பு அவங்கிட்டயே இல்ல."

அடுத்த வீட்டுக் குஞ்சு வழிதவறி வந்திருக்கும் என்று நான் ஒரு கதை கட்டினேன். வழக்கமாக என் கதை தெருமுனை தாண்டும். இதை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. அந்தச் சமயத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டிலும் குஞ்சு இல்லை.

சாயக்குஞ்சுகள் ஐந்தும் கழிச்சலிலும் பூனை வாயிலும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. கறுப்பு மட்டும் தும்மக்கூட இல்லை. அதை விலைக்குக் கேட்டவர்களைக் கங்கையக்கா வாசலோடு திருப்பிவிட்டார். குழந்தைக்குக் கீர்த்தி என்று பேர் வைத்து, சந்தியா ஏனாத்தூருக்குப் போய்விட்டாள். பரமசிவம் வேலை இல்லாத நாளெல்லாம் குழியைப் பலகை போட்டு மூடுகிறார்.

இப்போது கீர்த்தி தவழ்கிறாள். கறுப்புக் குஞ்சு பெட்டையாகி முட்டை போட ஆரம்பித்தது. போன வாரம் முட்டை நின்றது. கிணற்றடியில் ஒரு காலிச் சாக்கின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, கிட்டப் போன கமலவேணியைக் கொத்தியது. அக்கா உடனே ஏனாத்தூருக்குப் போன் போட்டார். அப்போது நானும் வாசலில் இருந்தேன்.

"பாப்பா இன்னா பண்ணுது சந்தியா?"

"சும்மாதான் உக்காந்துக்கினு இருக்குது அத்த. காலைலேர்ந்து பால் குடிக்கல. ஒரே பக்கமா பாத்துக்கினு இருக்குது."

"எந்தப் பக்கம்?"

"செவுத்தப் பாத்துக்கினு. ஏன் அத்த?"

"ஒண்ணுமில்லமா. கொஞ்ச நேரத்துல குடிக்கும்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உன் வூட்ல சேவலோட மேயுற கோழி இருக்குதுல்ல? நேத்து முந்தாநேத்து முட்டையா, விரிசல் இல்லாம பாத்து எடுத்தாப்பா."

வீட்டுக்குப் போய் ஒவ்வொரு முட்டையாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். சந்தேகமாக இருந்ததையெல்லாம் ஒதுக்கினேன். மிச்சத்தைப் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு போனேன். அக்கா கூடையில் மணல் பரப்பி, இடியில் முட்டை கெடாமலிருக்க ஒரு இரும்புத்துண்டும் கரியும் போட்டுத் தயாராக வைத்திருந்தார். முட்டைகளை அடுக்கியதும் கறுப்புப் பெட்டை தானாக வந்து ஏறி, அலகால் ஒவ்வொன்றையும் தள்ளி அடியில் சேர்த்துக்கொண்டது.

சாயந்திரம் சந்தியா போன் பண்ணி, பாப்பா பால் குடித்தது என்றாள்.

அக்கா பாயைக் கிணற்றடியிலேயே போட்டுக்கொண்டிருக்கிறார். தினமும் காலையில் கூடைப்பக்கம் காதை வைத்துக் கேட்கிறார். முட்டை பொரிய இன்னும் நாள் இருக்கிறது.