ஏரி நடுவில் நின்ற புள்ளி

என் அண்ணியை மருத்துவமனையில் எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தம் எடுக்கும் அறையில் பத்தொன்பது வருடமாக வேலை. மூன்று நாற்காலிகள் உள்ள சின்ன அறை அது. காலை ஆறரைக்கு முதல் டோக்கன். நரம்பு கிடைக்காத கிழவர்களும் ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழும் வாட்டசாட்டமான ஆண்களும் அண்ணியின் நாற்காலி காலியாகட்டும் என்று காத்திருப்பார்கள். அண்ணி முழங்கை மடிப்பில் இரண்டு விரலை வைத்து, எங்கேயோ பார்த்துக்கொண்டே தடவுவார். "உங்க வீட்ல இன்னிக்கு யாரு சமையல்?" என்று கேட்பார். அவர்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்தியிருப்பார்.

நாற்பத்திரண்டு வயதில் அவருடைய ரத்தத்தையே ஒருநாள் எடுக்க வேண்டி வந்தது. புதிதாக வந்திருந்த பெண் மூன்று இடத்தில் குத்தித்தான் எடுத்தாள். சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. அந்தத் தாளை அண்ணி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பேருந்தில் ஏறாமல் வீடுவரை நடந்தே வந்தார். மறுநாளும் நடந்தார். மூன்று மாதத்தில் ஓடினார். பிறகு சைக்கிளில் வேலைக்குப் போக ஆரம்பித்தார். நாற்பத்து நான்கில், ஏழு வயதுக் குழந்தைகள் வகுப்பில் சேர்ந்து நீச்சல் கற்றுக்கொண்டார். மூக்கில் தண்ணீர் போனபோதெல்லாம் பக்கத்தில் இருந்த வாண்டுகள்தான் முதுகில் தட்டிவிட்டார்களாம். நீந்தி, சைக்கிள் ஓட்டி, ஓடி, மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் ட்ரையத்லான் என்கிற போட்டியில் அவர் பெயர் கொடுத்தபோது வயது நாற்பத்தேழு.

அவரிடம் ஒரு பழைய கடிகாரம் இருந்தது. ஐந்து பொத்தான். பட்டை அறுந்த இடத்தில் மருத்துவமனையின் வெள்ளை டேப் ஒட்டியிருக்கும். அந்தச் சமயத்தில்தான் ஒரு நிறுவனம் புதுக் கடிகாரம் ஒன்று வரப்போகிறது என்று அறிவித்தது. ஓட்டம், சைக்கிள், நீச்சல் மூன்றுக்கும் ஒன்றே போதும், செயற்கைக்கோளைப் பிடித்து வழியைக் காட்டும், நாடித்துடிப்பைச் சொல்லும், உள்ளேயே சிம் இருப்பதால், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று வீட்டிலுள்ளவர்கள் போனில் பார்த்துக்கொள்ளலாம். அறிவிப்பு வந்து வெளியாவதற்கு ஒரு வருடம் ஆயிற்று. இரண்டு தடவை தேதியைத் தள்ளிப்போட்டார்கள். அண்ணி சாப்பிடும்போதெல்லாம் போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்துவைத்து, அந்த விளம்பரப் படத்தையே பார்ப்பார். வாங்கித் தா என்று யாரிடமும் கேட்கவில்லை. அவர் எதையும் கேட்கிற ஆள் இல்லை.

என் அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். கண்ணாடியைச் சட்டத்துக்குத் தகுந்தபடி வெட்டி, தேய்த்து மாட்டுவது அவன் வேலை. முன்னால் கவுண்ட்டரில் நான். கடிகாரம் வெளியான அன்று கடைச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, விற்கும் கடை திறப்பதற்கு முன்பே போய் வாசலில் நின்றான். அவனுக்கு முன்னால் நான்கு பேர்தான் நின்றார்களாம். அவர்களுடைய திருமணம் நடந்து இருபது வருடம் முடிந்த நாள் அது. அண்ணி பெட்டியைத் திறந்து பார்த்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சார்ஜ் போடணும்ல" என்றார்.

முதல் வாரத்திலேயே வினை ஆரம்பித்தது.

நீச்சல் குளத்தில் நாற்பது சுற்று போனால் கடிகாரம் முப்பத்தொன்று என்றது. சரி, குளம் மூடிய கட்டடம், செயற்கைக்கோள் தெரியாது என்று அண்ணியே அதற்காக வாதாடினார். தெருவில் ஓடினால், போனில் தெரிந்த வரைபடத்தில் அவர் போன கோடு வங்கிக்குள் நுழைந்து, சுவரைத் துளைத்து, பல் மருத்துவரின் மாடி வழியாக வெளியே வந்தது. விரல் ஈரமாக இருந்தால் திரை அசையாது. விளம்பரத்தில் காட்டிய வழிகாட்டும் வசதிக்குப் பதில் திரையில் 'விரைவில்' என்று ஒரு வரி. ஒருநாள் மருத்துவமனையில் கை கழுவிக்கொண்டு நின்றபோது நாடித்துடிப்பு நூற்று எழுபத்தொன்று, உடனே உட்காருங்கள் என்று அது துடித்தது. அண்ணி மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். அறுபத்தெட்டு.

அன்று மாலை கடைக்கு வந்து கவுண்ட்டரில் சாய்ந்துகொண்டு என்னிடம் சொன்னார்.

"நாங்க தப்பா ரிசல்ட் குடுத்தா பேஷண்ட்டுக்குத் தப்பா மருந்து போகும். இது எவ்ளோ சாதாரணமா தப்பு சொல்லுது பாரேன். கூச்சமே இல்ல."

"அண்ணன்கிட்ட சொல்லுங்களேன், அண்ணி. திருப்பிக் குடுத்துடலாம். முப்பது நாள் டைம் இருக்குல்ல."

"ஐயோ, வேணாம். எனக்காக வாசல்ல போய் நின்னு வாங்கிட்டு வந்த மனுஷன். தினமும் 'எப்படி இருக்கு, எப்படி இருக்கு'ன்னு கேக்கறாரு. நான் 'சூப்பரா இருக்கு'ன்னு சொல்லிட்டேன். நீ வாயத் திறக்காதே."

அதற்குப் பிறகு அவர் செய்ததைக் கேட்டால் சிரிப்பு வரும். பழைய கடிகாரத்தைப் பையில் ஒளித்து எடுத்துப் போவார். தெருமுனையில் மின்சாரப் பெட்டிக்குப் பின்னால் நின்று, புதியதைக் கழற்றிவிட்டு அதைக் கட்டிக்கொண்டு ஓடுவார். திரும்பி வரும்போது அதே இடத்தில் மாற்றிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவார். இதில் அவருக்கு இரண்டு நிமிடம் வீணாகிறதே என்பதுதான் பெரிய கவலை.

நான்கு நாள் கழித்து, பின்னால் கண்ணாடி தேய்த்துக்கொண்டிருந்த அண்ணன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். போனை நீட்டினான். அந்தக் கடிகாரத்தை வாங்கியவர்கள் எழுதியிருந்த புலம்பல், பக்கம் பக்கமாக.

"மூணாவது நாளே இத படிச்சுட்டேன். எல்லாருமே திட்டுறாங்க. ஏமாந்துட்டோம்."

"அப்ப அண்ணிகிட்ட சொல்லேன்."

"அவ சூப்பரா இருக்குன்னு சொல்றா. ஒரு வருஷமா ஆசப்பட்டது. அத நானே போய் குப்பைன்னு சொல்லவா? அவளுக்குத் தெரியல போல, விட்டுடு. நீயும் உளறி வெக்காதே."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். யாராவது ஒருவரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் காரியம் அன்றே முடிந்திருக்கும். ஆனால் இருவரும் என்னை நம்பித்தானே சொன்னார்கள். முப்பதாவது நாள் வந்தது, போயிற்று. அன்று மாலையும் அண்ணன், "வாட்ச் எப்படி இருக்கு?" என்றான். அண்ணி, "அருமையா இருக்குங்க" என்றார். நான் எழுந்து போய்த் துணி மடித்தேன்.

அடுத்த வாரம் போட்டி. நகரத்துக்கு வெளியே ஒரு பெரிய ஏரி. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் நீச்சல், நாற்பது கிலோமீட்டர் சைக்கிள், பத்து கிலோமீட்டர் ஓட்டம். போனில் அண்ணியைப் பின்தொடரப் போவதாக அண்ணன் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்ததால், அவர் புதியதைக் கட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. பழையது சைக்கிள் பையில் இருந்தது. எனக்கு மட்டும் தெரியும்.

பெண்களுக்கெல்லாம் ஒரே மாதிரி மஞ்சள் தொப்பி. கரையிலிருந்து பார்த்தால் தண்ணீரில் எலுமிச்சம்பழங்களைக் கொட்டியது மாதிரி இருந்தது. இதில் அண்ணி எந்தப் பழம் என்று யார் கண்டார்கள். அண்ணன் ஏரியைப் பார்க்கவே இல்லை. போனில் ஒரு நீலப் புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. கண்கொத்திப் பாம்பு மாதிரி அதையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் படம் எடுப்பதற்காக சைக்கிள்கள் வெளியே வரும் வாசலுக்குப் போய்விட்டேன். அண்ணி நாற்பது நிமிடத்துக்குள் வந்துவிட்டார். ஈரத் தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, சிரித்தபடி என்னைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுப் போனார். கையில் பழைய கடிகாரம்.

அந்தச் சந்தோஷத்தைச் சொல்லலாம் என்று கரைக்கு வந்தால், அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறான்.

நடந்தது இதுதான். ஏரி நடுவில் கடிகாரம் உறைந்துவிட்டது. நீலப் புள்ளி பதினோரு நிமிடம் அசையவில்லை. அண்ணி நீந்தி முடித்து, கரையேறி, அண்ணனுக்குப் பத்தடி பின்னால்தான் ஓடியிருக்கிறார். குனிந்த தலை நிமிராமல் அவன் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். ஒருவழியாக நிமிர்ந்து பார்த்தால் ஏரியில் மஞ்சள் தொப்பிகள் குறைந்திருக்கின்றன. படகில் இருந்த மீட்புக்காரர்களைக் கூப்பிட்டிருக்கிறான், காற்றில் கேட்கவில்லை. நீச்சல் தெரியாது. கடைக்குப் போட்டுக்கொண்டு போகும் தோல் செருப்போடு, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி இறங்கிவிட்டான்.

"அண்ணே, அண்ணி சைக்கிள்ல போயிட்டாங்க. மேல வா" என்று கத்தினேன். திரும்பிப் பார்த்தான். அந்தத் திரும்பலில்தான் கால் வழுக்கியது.

மூன்று நொடி அவனைக் காணவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான மூன்று நொடி வேறு இல்லை. படகுக்காரப் பெண் ஒருத்தி சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினாள். கண்ணாடிக் கடைக்காரனின் கண்ணாடி ஏரியோடு போயிற்று. போனை மட்டும் விடவில்லை.

முதலுதவிக் கூடாரத்தில் வெள்ளித்தாள் மாதிரி ஒன்றைப் போர்த்தி உட்காரவைத்தார்கள். இருமி இருமித் தண்ணீரைத் துப்பினான். சைக்கிள் பாதை அந்தக் கூடாரத்தைத் தாண்டித்தான் ஐந்து சுற்று போகும். முதல் சுற்றில் வந்த அண்ணி, தாளுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த வழுக்கைத் தலையை அடையாளம் கண்டுகொண்டார். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு ஓடிவந்தார். அண்ணன் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, தன் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். எண்ணி முடித்த பிறகுதான் வாய் திறந்தது.

"என்னங்க ஆச்சு?"

"நீ நடு ஏரில நின்னுட்டே. பதினோரு நிமிஷம்."

"நான் எங்க நின்னேன்? யார் சொன்னா?"

"உன் வாட்ச்தான்."

"அது பொய் சொல்லும்ங்க. அஞ்சு வாரமா பொய்தான் சொல்லிட்டிருக்கு."

"எனக்குத் தெரியும்."

அண்ணி அப்படியே நிமிர்ந்தார். "தெரியுமா? தெரிஞ்சுமா தண்ணில இறங்குனீங்க?"

அண்ணன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான். கண்ணாடி இல்லாததால் அண்ணியின் முகம் அவனுக்கு மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். "தொண்ணூத்தொம்பது தடவ பொய் சொல்லுச்சு. நூறாவது தடவையும் பொய்யாத்தான் இருக்கும்னு உன் விஷயத்துல எப்படி இருக்க முடியும்?"

அண்ணி வெள்ளித்தாளை அவன் கழுத்துவரை இழுத்துவிட்டார். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"உனக்கு ரெண்டு பேர் விஷயமும் தெரியுமா?" என்றார் அண்ணி.

"நீங்கதானே வாயத் திறக்காதேன்னு சொன்னீங்க" என்றேன்.

"நல்ல குடும்பம்" என்றாள், அண்ணனைக் கூடாரம்வரை கொண்டுவந்து விட்ட படகுக்காரப் பெண்.

அண்ணன்தான் விரட்டினான். "நீ போ. நான் எங்கயும் போக மாட்டேன். போய் முடிச்சுட்டு வா." அண்ணி போனார். ஒவ்வொரு சுற்றிலும் வேகத்தைக் குறைத்து, கூடாரத்துக்குள் பார்த்து, அண்ணன் கையைத் தூக்கிய பிறகுதான் மிதித்தார். கடைசிக்கு முந்தைய ஆளாக முடித்தார். அவர் எல்லைக்கோட்டைத் தாண்டியதை அண்ணன் பார்த்தானா என்று கேட்டால், ஏதோ மஞ்சளும் சிவப்பும் வந்தது என்றான். ஆனால் கை தட்டியதில் அவன் சத்தம்தான் அதிகம்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் அண்ணி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். திட்டி எழுதவில்லை. இருபத்தாறு நாள் கணக்கு அவரிடம் இருந்தது: எத்தனை சுற்று நீந்தினார், கடிகாரம் எத்தனை என்றது, விரலில் எண்ணிய நாடி எவ்வளவு, அது சொன்னது எவ்வளவு. ஆய்வக அறிக்கை மாதிரி கட்டம் போட்டு, கடைசியில் ஏரியில் நடந்ததை நான்கே வரியில் எழுதியிருந்தார். உங்கள் கருத்துக்கு நன்றி என்று இரண்டு தடவை எந்திரப் பதில் வந்தது. மூன்றாவதாக ஒரு ஆள் போனில் கூப்பிட்டார். அந்தக் கடிகாரத்தைச் செய்த குழுவில் இருக்கிற பொறியாளராம். அண்ணி நாற்பது நிமிடம் பேசினார்.

"உங்களுக்கு எங்க வாட்ச் சுத்தமா பிடிக்கலையா, மேடம்?" என்று கடைசியில் கேட்டாராம்.

"பிடிக்கணும்னுதானே தம்பி ஒரு வருஷம் காத்திருந்தேன். இன்னும் ஆறு மாசம் கழிச்சு விட்டிருந்தா, அதுக்கும் காத்திருந்திருப்பேன்."

அந்தப் பக்கம் எழுந்து போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டதாம். பிறகு, "நாங்களும் அதத்தான் கேட்டோம், மேடம்" என்றாராம். அதற்குப் பிறகு அண்ணிக்கு அவர்கள்மேல் இருந்த கோபம் பாதியாகிவிட்டது.

ஏழாவது மாதம் மென்பொருளைச் சரிசெய்து அனுப்பினார்கள். இப்போது தெருவில் ஓடினால் கோடு தெருவிலேயே ஓடுகிறது. நாடித்துடிப்பு முக்கால்வாசி சரி. நீச்சலில் இன்னும் ஒன்றிரண்டு சுற்றை விழுங்குகிறது. அண்ணி அதைக் கட்டிக்கொள்கிறார், ஆனால் சுற்றை அவரேதான் எண்ணுகிறார்.

போன மாதம் அண்ணியின் பிறந்தநாள் வந்தது. என்ன வேண்டும் என்று அண்ணன் நேராகவே கேட்டான். சைக்கிளுக்கு நல்ல சீட் வேண்டும், இருக்கிற சீட் உயிரை எடுக்கிறது என்று அவரும் நேராகவே சொன்னார். மூவருமாகப் போனோம். அண்ணி கடையில் இருந்த பதினோரு சீட்டிலும் ஏறி உட்கார்ந்து பார்த்தார். ஒன்பதாவதில் அண்ணன், "இது நல்லா இருக்குல்ல?" என்றான்.

"இல்லங்க, குத்துது" என்றார் அண்ணி.

கடைக்காரர் பெருமூச்சு விட்டுப் பத்தாவதை எடுக்க ஏணியில் ஏறினார்.