கோல்கீப்பரின் டம்ளர்

எட்டு வயதில் எனக்கு ஊரில் ஒரு பெரிய பெயர் இருந்தது: ராசிக்காரி. எங்கள் செங்கல்பட்டு டீம் பந்தாடும்போது நான் கோலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் ஒரு கோல்கூட விழாது என்று எல்லோரும் நம்பினார்கள். கோல்கீப்பர் என் நைனா. ரயில்வே லைனில் கேங் வேலை. நாளெல்லாம் தண்டவாளத்தோடு மல்லுக்கட்டுகிற கைக்குப் பந்து எம்மாத்திரம்! பிடித்தது அவர், பெயர் எனக்கு. நானும் ஒருநாளும் மறுத்ததில்லை.

எங்களுக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் டீம் மொத்தமும் ஸ்டேஷன் பக்கத்துக் காபி கிளப்புக்குப் போகும். மற்றவர்கள் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி கிளாஸில் குடிப்பார்கள். நைனாவுக்கென்று மட்டும் வெளிச்சுவரில் ஓர் ஆணியில் அலுமினிய டம்ளர் தொங்கும். அவரே எடுத்துக் கழுவி நீட்டுவார். கடைக்காரர் எட்ட நின்று, கையை உயர்த்தி ஊற்றுவார். கோல்கீப்பர் நின்றே பழகியவர், அதனால் காபியும் நின்றுகொண்டே குடிக்கிறார் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். நைனாவும் திருத்தவில்லை. "எங்க நைனாவுக்குத் தனி டம்ளர் கீது, உங்க நைனாவுக்குக் கீதா?" என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டதை நினைத்தால், சிரிப்பதா அழுவதா என்று இப்போதும் தெரியவில்லை.

அந்த வருஷம் மகாபலிபுரத்தைத் தாண்டி ஒரு மீனவர் குப்பத்தில் பந்தயம். ஜெயிக்கிறவர்களுக்குப் பித்தளைக் கோப்பை. எங்கள் கேப்டன் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. எங்கள் வீட்டுப் பக்கமே வராதவர், முதல்நாள் சாயங்காலம் தெருமுனை வரைக்கும் வந்து நின்று கூப்பிட்டார். "பாப்பாவையும் இட்டுகினு வாய்யா. அது இல்லாம கோப்பை வராது." எனக்குத் தலைகால் புரியவில்லை. கோப்பையோடுதான் திரும்புவேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்துவிட்டுக் கிளம்பினேன்.

திருக்கழுக்குன்றம் வழியாக பஸ், அப்புறம் மணலில் நடை. மைதானமா அது! சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவே ஒரு கையகல மணல். ஆனால் கோலுக்கு வலை கட்டியிருந்தார்கள், அசல் மீன் வலை. எங்கள் ஊரில் கோலுக்கு இரண்டு கம்பம்தான்.

வந்த டீமுக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் பந்தைத் தொடுவது அந்தக் குப்பத்து வழக்கம். பாய்த்துணிப் பந்தலில் நீளமாக இலை போட்டிருந்தார்கள். நைனா தன் இலையைக் கையில் எடுத்துக்கொண்டு சவுக்கு மரத்தடிக்குப் போனார். அவர்களுடைய கேப்டன், ஆஜானுபாகுவான ஆள், அதைப் பார்த்துவிட்டார்.

"கோலி, அங்க இன்னாத்துக்குப் போற? வந்து நடுவுல குந்து."

"இருக்கட்டும்ணா, நான் இங்கியே..."

"அட வாய்யா! ஆட வந்தவனுக்கெல்லாம் இங்க ஒரே பந்திதான்."

மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவந்து எங்கள் கேப்டன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். எங்கள் ஆட்கள் இரண்டு பேருக்கு அந்த நேரம் பார்த்து வயிறு சரியில்லாமல் போய், எழுந்துவிட்டார்கள். எங்கள் கேப்டன் தன் இலையையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முழங்காலை மடக்கி நைனாவுக்கு இடம் விட்டார். எனக்கு இதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. இலையில் வஞ்சிரம் விழுந்திருந்தது.

நைனா சாப்பிட்டார் பாருங்கள், அப்படி ஒரு சாப்பாட்டை அவர் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை! அவசரமில்லாமல், சம்மணம் போட்டு, சோறு கேட்டுக் கேட்டு வாங்கினார். "போதும் நைனா, ஆடணும்" என்று காதில் சொன்னேன். அவர் காதில் ஏறினால்தானே.

ஆட்டம் தொடங்கியது. குப்பமே திரண்டு அவர்கள் பக்கம் கத்த, எங்கள் பக்கம் கத்த நான் ஒருத்திதான். ஒரு மீன்காரம்மா என் கையில் நுங்கைக் கொடுத்து, "நல்லா கத்துமே, உங்க ஊருக்கு நீ ஒருத்திதானே கீற" என்று கேலி செய்தாள். தொண்டை கிழியக் கத்தினேன். என்ன கத்தி என்ன! மணலில் எங்கள் ஆட்களுக்குக் கால் புதைந்தது. உண்ட களையோ என்னவோ, நைனாவும் ஒரு நொடி தாமதமாகவே பாய்ந்தார். வலையில் பந்து மூன்று தடவை மீன் மாதிரி மாட்டியது. மூன்றாவதை எடுத்துக் கொடுக்கும்போது மனுஷன் சிரித்தார்! எனக்கு வந்த கோபத்தில் நுங்கை மணலில் எறிந்துவிட்டேன். கோப்பை அங்கேயே தங்கிவிட்டது.

செங்கல்பட்டில் வந்து இறங்கியபோது விளக்கு வைத்திருந்தார்கள். வழக்கம்போல எல்லோரும் காபி கிளப்புக்குள் போனார்கள். நைனா ஆணியிலிருந்து டம்ளரை எடுத்துக் கழுவினார். அப்போது கேப்டன் தன் கிளாஸோடு வெளியே வந்து அதை நைனாவிடம் நீட்டினார். நைனா வாங்கவில்லை.

"புடிய்யா, கை சுடுது."

நைனா வாங்கிக்கொண்டதும், அவர் கையிலிருந்த அலுமினிய டம்ளரைக் கேப்டன் எடுத்துக் கடைக்காரர் பக்கம் நீட்டினார். கடைக்காரர் ஊற்றாமல் கையை இழுத்துக்கொண்டார். "சார், இன்னா சார் இது? உள்ள வந்து குந்துங்க, பெஞ்சு காலியா கீதே."

"ஊத்துப்பா. தோத்துட்டு வந்துகீறோம், நிக்கிறோம்."

அதற்குப் பிறகு ஒவ்வொருவராகக் கிளாஸோடு வெளியே வந்து நின்றார்கள். வயிற்றுவலிக்காரர்கள் இரண்டு பேர் மட்டும் உள்ளேயே இருந்துவிட்டார்கள். அவர்கள் நன்றாக ஆடினார்கள் போலிருக்கிறது, அதனால் தண்டனை இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் டம்ளரை என்னால் தாங்க முடியவில்லை. "அது எங்க நைனாவோடது! குடுத்துடுங்க!" என்று கத்தியே விட்டேன். கேப்டன் தலையைக் குனிந்துகொண்டு காபியை மெதுவாகக் குடித்து முடித்தார். டம்ளரை ஆணியில் மாட்டாமல் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீடு வரைக்கும் அழுதேன். நைனா என்னைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு சீட்டியடித்தபடி நடந்தார்.

"அடுத்த ஆட்டத்துல ஜெயிச்சி டம்ளரைத் திருப்பி வாங்கிடலாம் நைனா."

"வேணாம் கண்ணு," என்றார். "அது அவருகிட்டயே இருக்கட்டும்."

மூன்று கோல் வாங்கிய மனுஷனுக்கு இத்தனை சந்தோஷம் எங்கிருந்து வந்ததோ! கோப்பையும் போயிற்று, டம்ளரும் போயிற்று. என் ராசி அன்றோடு தீர்ந்துவிட்டது என்று அவர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு இன்னும் பலமாக அழுதேன்.