கையில் புத்தகத்தோடு ஒரு படம்

எங்கள் பக்கத்தில் செத்தவர்களுக்குத்தான் படம் கீறுவிப்பார்கள். அடையாள அட்டைப் படத்தைப் பார்த்து ஓவியர் கீறுவார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு மாலை போட்டு வைப்பார்கள். நான் உயிரோடு முன்னால் இருந்து கீறுவித்தவன். உரும்பிராயில் அப்படிச் செய்த வேறொருவரை எனக்குத் தெரியாது.

"என்ன அண்ணை, அந்தியேட்டிக்கு இப்பவே ஆயத்தமோ?" என்று சந்தியில் நக்கலடித்தார்கள். அடிக்கட்டும். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான், அதே பள்ளிக்கூடத்துக்கு மண்டபம் கட்டிக் கொடுத்திருக்கிறேன். திறப்பு விழாவுக்குப் படம் வேண்டுமென்று பள்ளிக்கூட அதிபரே கேட்டார். இந்தச் சுற்றுவட்டாரத்தில் என் கை படாத தண்ணீர்ப் பம்பு கிடையாது. சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்வேன்.

அளவெட்டி ஓவியரிடம் தெளிவாகச் சொன்னேன்: பட்டு வேட்டி, சால்வை, கையில் தடித்த புத்தகம். நாலு நாள் காலையில் அசையாமல் இருந்தேன்.

ஓவியர் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். சால்வை மடிப்பு, மீசை எல்லாம் அச்சொட்டு. முகம் மட்டும் யாருடையதோ. வாசலைப் பார்த்தபடி, எழுந்து ஓடப்போகிறவன் போல.

"ஆரப்பா உது? களவெடுத்தவன் மாதிரி முழிக்கிறான்" என்றேன்.

மனைவி கிட்டப் போய்ப் பார்த்தாள். "நீங்கள்தான். அரசாங்கக் கச்சேரியிலை இருந்து கடிதம் வந்தா, வாசிச்சுச் சொல்லு எண்டு என்னட்டை நீட்டுவியளே, அப்ப உங்கடை முகம் உதுதான்."

ஓவியர் குனிந்து சிரித்தார். "செத்த ஆக்களைக் கீறுறது சுகம் ஐயா. நீங்கள் முன்னாலை இருக்கிறியள். முகத்தை மாத்தித் தரலாம். ஆனா அது நீங்களா இராது."

விழாவுக்கு ஒரு கிழமைதான் இருந்தது. ஊர் முழுக்க அந்த முகத்தைப் பார்க்கப்போகிறது. இரண்டு நாள் யோசித்தேன். அந்த நாலு நாளும் புத்தகம் என் மடியில் எப்படிக் கனத்தது என்று எனக்குத்தான் தெரியும். ஓவியர் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லிவிடுவாரோ என்றுகூடப் பயந்திருக்கிறேன். மனிதர் அதைத்தான் கீறியிருந்தார்.

திரும்பப் போய் ஓவியர் முன்னால் இருந்தேன். வேட்டி அதே வேட்டி. கையில் முப்பது வருடமாக வைத்திருக்கும் ஸ்பனர். இரண்டு நாளில் முடித்துவிட்டார்.

மண்டபத்தில் இப்போது தொங்குவது அதுதான். அதில் தலைக்கனம் தெரிகிறதாம், மனைவி சொல்கிறாள். இருக்கிறதைத்தானே கீறுவார்.

முதல் படத்தை எரிக்கச் சொன்னேன். அவள் தரவில்லை, உள் அறையில் வைத்திருக்கிறாள். கடிதம் வரும் நாட்களில் அந்தப் பக்கம் பார்க்காமல் அவளிடம் நீட்டுகிறேன்.