திரும்பி வர மாட்டார் என்றார்கள்

என் கணவர் கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்தவர். சண்டை நடந்த காலத்தில், ஆசிரியர்களை ஆறு மாதம் வெளிநாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பிப் பழக்கும் உதவித்தொகைக்கு இவரை நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டார்கள். செவ்வாய்க்கிழமை நான் கோயிலுக்குப் போய் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தி மன்றாடினேன்.

அதற்குள்ளே பக்கத்து வீட்டு அக்கா, வெளிநாட்டில் இருக்கும் தன் மகனுக்கென்று மிளகாய்த்தூள் இடித்துக் கொண்டுவந்துவிட்டா.

"மாஸ்டர், போனால் அங்கேயே நிண்டிடுங்கோ. பிறகு இவவையும் கூப்பிடலாம்."

"அப்ப என்ர வகுப்புப் பிள்ளையளுக்கு ஆர் அக்கா படிப்பிக்கிறது?"

"உங்களுக்கென்ன விசரே?" என்று, பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துச் சிரித்தா.

நேர்முகத்திலும் அதே கதைதான். "உங்கட தமிழ் ஆக்கள் போனால் திரும்பி வாறதில்லையே?" என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டாராம். வருவேன் என்று இவர் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படிப்பிக்கிறதைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. உதவித்தொகையும் இல்லை.

ஒருத்தி அன்பாகச் சொன்னா, ஒருத்தர் சந்தேகத்தோடு கேட்டார். இரண்டு பேருக்குமே இவர் ஓடப் பார்க்கிற ஆள். பதினெட்டு வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்ற மனுஷனுக்கு இதுவா மரியாதை?

தூள் பொதியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "பாவம் மாஸ்டர், தப்பியிருக்கலாம்" என்றா அக்கா.

"அவர் தப்ப வழி கேட்கேல்லை அக்கா! நல்லாப் படிப்பிக்கத்தான் வழி கேட்டவர்!" என்று வாசலில் நின்று கத்திவிட்டேன்.

அடுத்த செவ்வாயும் அந்தோனியாரிடம் போனேன். மெழுகுதிரி கொளுத்தினேன். கோபத்தில் செபம் மட்டும் வாயில் வரவில்லை.