எல்லா போட்டும் நீலம்தான் சார்

போன வாரம் சுகர் மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் சீட்டைக் கையில் வாங்கினார்... மாத்திரையை எடுக்கவே இல்லை.

"அண்ணாச்சி, அந்தமான் போய்ட்டு வந்தியளாமே? எங்க வீட்டுலயும் பிள்ளைங்க கடல், கடல்னு உசுர வாங்குது. சீப்பா போய்ட்டு வர ஒரு வழி சொல்லுங்க."

வாரா வாரம் பத்தி எழுதுகிறவனிடம் ஒருவர் வலிய வந்து யோசனை கேட்டால் விடுவேனா? ஆரம்பித்துவிட்டேன்.

விமான டிக்கெட்டை நாலைந்து மாதம் முன்னாலேயே போடுங்கள். கடல் தெரிகிற ரூம் கேட்காதீர்கள்—கடல் எங்கேயும் ஓடிவிடாது, இரண்டு தெரு தள்ளித் தங்கினால் வாடகை பாதிதான். தீவு விட்டுத் தீவு போக அரசாங்கக் கப்பல் இருக்கிறது. மெதுவாகப் போகும், ஆனால் போய்ச் சேர்த்துவிடும். வாந்தி மாத்திரையைக் கப்பல் ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள், ஏறிய பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை. கையில் ரொக்கம் இருக்கட்டும். அங்கே நெட் தனக்குத் தோன்றினால்தான் வரும். ஊர் திரும்பும் நாளுக்கு முந்தின நாளைச் சும்மா விட்டு வையுங்கள். காற்றடித்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள்.

எனக்குப் பின்னால் ஒரு அம்மா காய்ச்சல் பிள்ளையோடு நின்றார். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் முக்கியமான ஒன்றை நான் சொல்லவில்லை. மாத்திரை வாங்குகிற இடத்தில் நின்று சொல்லி முடிகிற விஷயம் இல்லை அது. உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு மாடியில் செய்யது என்பவர் குடியிருக்கிறார். கடையநல்லூர்க்காரர். வாலிப வயதில் கல்ஃபுக்குப் போனவர், தலை நரைத்த பிறகுதான் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். இப்போது இங்கே ஒரு செல்போன் கடை. அவர் மனைவி ஜரீனாவும் என் மனைவி கோமதியும் துணி காயப்போடும்போது பேசிப் பேசி முடிவு செய்ததுதான் இந்த அந்தமான். எங்கள் இருவரையும் பெட்டி தூக்கக் கூட்டிப்போனார்கள் என்று சொன்னால் தப்பில்லை.

ஒரு சின்னத் தீவு. பெயர் எதற்கு? அங்கிருந்து படகில் போனால் பவளப்பாறை தெரிகிற இன்னொரு குட்டித் தீவு. காலையில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். துறைமுகத்தில் டிக்கெட் கவுன்ட்டர் இருந்தது. கூட்டமும் இருந்தது. ரேட்டும் கூடுதல்.

கொஞ்சம் தள்ளி மணலில் ஒரு படகுக்காரர் கையை ஆட்டினார். வங்காளக்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. ஆனாலும் விரலைக் காட்டிக் காட்டியே பாதி ரேட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

"அண்ணாச்சி லேசுப்பட்ட ஆள் இல்ல," என்றார் செய்யது. எனக்கு அப்படியொரு பெருமை.

முந்தின நாள் கப்பலில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்திருந்தேன். அதனால் நான் ஏறவில்லை. செய்யதுக்கு முட்டிவலி. பெண்கள் இருவரும் ஏறினார்கள். ஏற்கெனவே இரண்டு மூன்று வெளியூர்த் தமிழ் இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். "மச்சான், ஒரு போட்டோ எடுங்க," என்றார் ஜரீனா. அவர்கள் ஊர்ப் பக்கம் கணவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். செய்யது எடுத்தார். படகு போய்விட்டது.

நாங்கள் இளநீர் குடித்தோம். தென்னை நிழலில் ஒரு தூக்கம் போட்டோம்.

விழித்தபோது வெளிச்சம் மாறியிருந்தது. கடலுக்கு மேலே ஒரு பக்கம் மட்டும் கரிச்சட்டியைக் கவிழ்த்த மாதிரி மேகம். பிறகு காற்று. தென்னை மட்டைகள் ஒரே பக்கமாகப் படுத்துக்கொண்டன. துறைமுகத்தில் யாரோ ஓடிப்போய் சிவப்புக் கொடி ஏற்றினார்கள். படகுகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன. ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஆட்கள் நனைந்துகொண்டே இறங்கி ஓடினார்கள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

கோமதி இல்லை. ஜரீனா இல்லை.

போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டேன். அதே குரல், அதே பதில்.

"வந்துருவாங்க அண்ணாச்சி," என்றார் செய்யது. "போட்காரனுக்குத் தெரியாதா?"

கவுன்ட்டருக்கு ஓடினேன். உள்ளே இருந்தவர் நல்லவேளை தமிழர். தாத்தா காலத்தில் ராமநாதபுரம் பக்கமிருந்து போன குடும்பமாம்.

"எங்க போட் எல்லாம் வந்துருச்சு சார். யாரும் பாக்கி இல்ல."

"என் வீட்டுக்காரி வரலியே!"

"எந்த போட்டுல போனாங்க?"

"நீலக் கலர்."

அவர் சன்னல் வழியாக வெளியே கையைக் காட்டினார். "இங்க எல்லா போட்டும் நீலம்தான் சார். நம்பர் என்ன?"

தெரியாது.

"டிரைவர் பேரு?"

தெரியாது.

"டிக்கெட், ரசீது... ஏதாவது?"

நான் மணல் பக்கம் கையைக் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "இங்க ஏறினா பேர் எழுதுவோம் சார். ஆள் வரலைன்னா நாங்களே தேடுவோம். அங்க ஏறினா... ஒருத்தர் கடல்ல இருக்காருன்னே எங்களுக்குத் தெரியாதே," என்றார்.

அவள் கடலில் இருப்பதே உலகத்தில் யாருக்கும் தெரியாது. எனக்கும் செய்யதுக்கும் மட்டும்தான் தெரியும். எங்கள் ஊர் ஆவுடைப்பொய்கைத் தெப்பக்குளத்தில்கூட முழங்காலுக்கு மேல் இறங்காதவள் அவள். லைஃப் ஜாக்கெட் கொடுத்தானா? கொடுத்திருந்தால் கட்டத் தெரியுமா? ஏறும்போது அதையாவது கேட்டேனா? ரேட்டை அடிமட்டத்துக்குக் குறைத்த பிறகு, 'ஜாக்கெட் எங்கப்பா?' என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. உண்மை அதுதான்.

செய்யதுதான் போனை நீட்டினார். காலையில் எடுத்த போட்டோ. இரண்டு பேரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். அவர்களுக்குக் கீழே படகின் பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில் நம்பர்... கடைசி எழுத்தின் மேல் கோமதியின் சேலை முந்தானை பறக்கிறது.

கவுன்ட்டர்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "மேல தார்ப்பாய்ல ஒட்டுப் போட்டிருக்கு பாருங்க, இது யாருதுன்னு தெரியும்," என்று யாருக்கோ போன் போட்டார். வங்காள மொழியில் பேசினார். நாங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"டிரைவரோட சம்சாரம் பேசுறாங்க. அவருக்கும் போன் போகலையாம். 'காத்து அடிச்சா அங்கயே ஒதுங்கி நின்னுடுவார், பயப்பட வேண்டாம்'னு உங்ககிட்ட சொல்லச் சொல்றாங்க."

"அவங்க தைரியமா பேசுதாங்களா?" என்றேன்.

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டார். "அழுதுகிட்டேதான் சொல்றாங்க சார்."

கடலோரக் காவல் படைக்கும் அவரே தகவல் சொன்னார். காற்று அடங்கினால்தான் தேடப் படகு இறக்க முடியும் என்றார்கள். அந்தமானில் சூரியன் சீக்கிரமே விழுந்துவிடும். நம் ஊரில் மாலைக் காபி குடிக்கிற நேரத்துக்கு அங்கே இருட்டத் தொடங்கிவிடுகிறது. ஊரில் இருக்கும் மகனுக்குச் சொல்லலாமா, வேண்டாமா? என்னவென்று சொல்வது? அம்மாவைப் பாதி விலைக்கு அனுப்பிவைத்தேன் என்றா?

செய்யது ஓரமாக ஒரு துண்டை விரித்துத் தொழுதார். எழுந்து வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அதுவரை எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். இப்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி... நான் கல்ஃப்ல இருக்கையில ஒரு தடவ வேல பாக்குற எடத்துல தீப்பிடிச்சுட்டு. டிவில காமிச்சிருக்கான். என் போன் கருகிப் போச்சு. மறுநாள்தான் வீட்டுக்குப் பேசுனேன். 'நல்லாத்தான் இருக்கேன், எதுக்குக் கெடந்து அழுவுத'ன்னு அவளச் சத்தம் போட்டேன்."

இரண்டு பேரும் கடலைப் பார்த்தபடி நின்றோம்.

மழை விட்டது. காற்று மெல்ல இறங்கியது. வெளிச்சம் கொஞ்சம்தான் பாக்கி. காவல் படகைக் கிளப்ப ஆட்கள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது கவுன்ட்டர்காரர் கத்தினார். "அதோ!"

தூரத்தில் ஒரு புள்ளி. ஏறுகிறது, இறங்குகிறது, காணாமல் போகிறது, மறுபடி ஏறுகிறது. நீலமா, கறுப்பா... எதுவும் தெரியவில்லை. கிட்ட வந்த பிறகுதான் ஆரஞ்சு ஜாக்கெட்டுகள் தெரிந்தன. அதில் ஒன்றுக்குக் கீழே நனைந்த சேலை.

நான் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். எப்போது இறங்கினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"ஏங்க, சட்டையெல்லாம் நனையுது, எதுக்குத் தண்ணிக்குள்ள வந்து நிக்கிய?" என்றாள் கோமதி. முகம் முழுக்கச் சிரிப்பு! கலர் கலராக மீன் பார்த்தாளாம். காற்று கிளம்பியதும் படகுக்காரர் எல்லோரையும் கரையேற்றி ஒரு பாறை மறைவில் உட்கார வைத்துவிட்டாராம். கூட வந்த இளைஞர்கள், "கப்பலுக்கு நேரமாச்சு, போட்டை எடு," என்று அவரிடம் சண்டைக்கே போய்விட்டார்களாம்.

"ஜரீனாதான் அவனுவள ஒரு அதட்டு அதட்டுனா. 'பேசாம உக்காருங்கப்பா, காத்து நின்னாத்தான் போட்டு கெளம்பும்'னு சொல்லிட்டா."

நான் படகுக்காரரைத் தேடினேன். கரையில் நின்ற நேரமெல்லாம் மனசுக்குள் அவரைத் திட்டித் தீர்த்திருந்தேன். கும்பிட வேண்டும் போலிருந்தது. அவரோ எங்களைக் கவனிக்கவே இல்லை. மணலில் உட்கார்ந்து, சிக்னல் கிடைத்த போனில் தன் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார். குரல் மிக மெதுவாக இருந்தது.

ஆக, மருந்துக்கடையில் சொல்லாமல் விட்டது இதுதான். தங்குவதில் குறையுங்கள், சாப்பாட்டில் குறையுங்கள். தண்ணீரில் ஏறும்போது மட்டும் உங்கள் பேரை எழுதிக்கொள்கிற படகில் ஏறுங்கள். ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு, படகு நம்பரைக் கரையில் இருப்பவருக்கு அனுப்பிவிட்டு ஏறுங்கள். கொடி ஏறியிருந்தால் ஏறவே ஏறாதீர்கள். எங்கள் படகுக்காரர் நல்ல மனிதராக இருந்தார். அது எங்கள் அதிர்ஷ்டம்... அதைத் திட்டத்தில் சேர்க்க முடியுமா?

அன்று இரவுச் சாப்பாட்டுக்குத் தமிழ் மெஸ்ஸில் உட்கார்ந்தோம். செய்யது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு தலையைக் குனிந்தபடியே சொன்னார்.

"இனிமே இப்பிடி தனியா போவாத ஜரீனா. இன்னைக்கு எனக்கு உசுரு உசுரா இல்ல."

ஜரீனா அவர் தட்டில் மீன் துண்டை எடுத்து வைத்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"ஒரு அரை நாளுதான மச்சான்? நீங்க பிளைட் ஏறுனா எனக்கு ரெண்டு ரெண்டு வருஷம்லா."

கோமதி சட்டென்று சாம்பார் கேட்டாள். நான் அப்பளத்தை நொறுக்கினேன். செய்யது நிமிர்ந்து ஜரீனாவைப் பார்த்தார்... பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஊர் வந்து சேரும்வரை கப்பலிலும் சரி, விமானத்திலும் சரி, ரயிலிலும் சரி, அவர் ஜரீனாவின் பக்கத்து சீட்டை விட்டு எழுந்திருக்கவே இல்லை. நானும் கோமதி பக்கத்தை விட்டு நகரவில்லை—அவளுக்குத்தான் ஒரே எரிச்சல்!