மாலைக் கல்லூரியை மூடிய மச்சான்

என் மனைவியின் அண்ணன் சாமியார். காவி கட்டி மலையேறிய சாமியார் இல்லை. இயேசு சபைக் குரு. பெரிய கல்லூரி ஒன்றுக்குத் தலைவராக இருந்தவர். எல்லோருக்கும் அவர் ஃபாதர், எனக்கு மட்டும் மச்சான். கல்லூரி வாசலில் டை கட்டிய பேராசிரியர்கள் காதில் விழும்படி "என்ன மச்சான், சௌக்கியமா?" என்று வேண்டுமென்றே கத்துவேன். அவர் காது சிவந்துபோகும். ஆனாலும் சிரித்துக்கொண்டேதான் வருவார்.

நான் லிஃப்ட் மெக்கானிக். சாமி, பூசை என்றால் எனக்கு எட்டாத தூரம். இவர்கள் வீட்டில் பெண் எடுத்ததால் ஒரு குருவை இவ்வளவு கிட்டத்தில் பார்க்க நேர்ந்தது. கிட்டத்தில் பார்த்தால் அவர்களுக்கும் சளி பிடிக்கிறது, அவர்களும் சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுகிறார்கள்.

மச்சானின் அப்பா பஸ் டிரைவர். அம்மா வீட்டிலேயே துணி தைப்பவர். மூத்தவன் கணக்கில் புலி, அதனால் எப்படியும் பெரிய வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தூக்கி நிறுத்துவான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அவன் சபையில் சேரப்போகிறேன் என்று வந்து நின்றான். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா அழுதாள். கடைக்குட்டி என் மனைவி, அப்போது சின்னப்பிள்ளை, அண்ணன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். கல்யாணமான புதிதில் இதை அவள் அடிக்கடி சொல்வாள்.

"என்னை விட்டுட்டுப் போறியான்னு கேட்டேன். நீ போன்னு சொன்னாத்தான் போவேன் குட்டின்னு சொன்னான். ரொம்ப நேரம் பார்த்துட்டே நின்னான். பாவமா இருந்துச்சு. சரி போன்னு சொல்லிட்டேன்."

குட்டி என்பது அவர் வைத்த பெயர். அவளுக்குத் தலை நரைத்த பிறகும் அவருக்குக் குட்டிதான்.

ஒரு குருவானவரை உருவாக்க அந்தச் சபை எடுத்துக்கொள்ளும் காலத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் கட்டி, இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கும் அனுப்பிவிட்டேன். ஒருவழியாக வெளியே வந்து அதே கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். பிறகு துணைத்தலைவர், பிறகு தலைவர். தலைவரானதும் சொந்தக்காரர்கள் படையெடுத்தார்கள், பிள்ளைகளுக்கு இடம் வேண்டுமென்று. எல்லோருக்கும் ஒரே பதில்தான். "விண்ணப்பம் போடுங்க, வரிசையில வாங்க." இப்படி ஒரு சொந்தம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு.

அவர் அறைக்கு நான் போயிருக்கிறேன். ஓர் இரும்புக் கட்டில், ஒரு மேசை, முதுகு ஆடும் ஒரு நாற்காலி. ஏழ்மையாகவே வாழ்வேன் என்று வார்த்தைப்பாடு, அதாவது சபதம், கொடுத்தவர் என்பதால் எதுவும் அவருடையது இல்லை. குளிர் ஒத்துக்கொள்ளாத உடம்பு என்று என் மனைவி மெனக்கெட்டு ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தாள். அடுத்த வாரம் அது கல்லூரித் தோட்டக்காரர் மேல் நடந்துபோனது. அவள் பத்ரகாளி ஆகிவிட்டாள். தோட்டக்காரருக்கும் ஒன்று இருந்தால்தான் இவர் போடுவார் என்பது பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. இவருக்கு இன்னொன்று பின்னினாள்.

ஸ்வெட்டரை விடுங்கள். எங்கள் குடும்பத்தில் விளையாடியது இன்னொரு வார்த்தைப்பாடு, கீழ்ப்படிதல். மேலே இருப்பவரிடம் மாற்றுக் கருத்தைச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவரிடம் மட்டும். கேட்டுவிட்டு அவர் முடிவெடுத்துவிட்டால் அதைத் தன் முடிவாகவே தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். "எனக்கு இஷ்டமில்ல, மேல சொன்னாங்க" என்று வெளியே முணுமுணுக்கக் கூடாது. சபையில் எல்லோரும் இதை இவ்வளவு கெடுபிடியாக எடுத்துக்கொண்டார்களா எனக்குத் தெரியாது. மச்சான் எடுத்துக்கொண்டார்.

அவர் வாழ்க்கையில் ஆசை ஆசையாகச் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான், மாலைக் கல்லூரி. பகல் மாணவர்கள் போனதும் அதே வகுப்பறைகளில் விளக்கு எரியும். ரொட்டிக் கடையில் வேலை பார்க்கும் அக்கா, ஆம்புலன்ஸ் டிரைவர், மருத்துவமனைத் துணி வெளுப்பவர்கள், வாசல் காவலர்கள் எல்லாம் வருவார்கள். தலைவராக இருந்துகொண்டே கணக்கு வகுப்பை அவரே எடுத்தார். சாக்குக்கட்டித் தூள் முழங்கை வரை இருக்கும்.

என்னையும் என் மனைவிதான் பிடித்துத் தள்ளினாள். "லிஃப்ட்ல எல்லாரையும் மேல ஏத்திவிடுறீங்க, நீங்க மட்டும் கீழயே நிக்கணுமா?" என்றாள். வரிசையில் நின்று, விண்ணப்பம் போட்டுச் சேர்ந்தேன். முதல் பரீட்சையில், தங்கை புருஷன் என்றும் பார்க்காமல், கணக்கில் என்னை ஃபெயில் ஆக்கினார். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று ஓரத்தில் ஓர் ஆறுதல் வேறு. ஆனால் இரண்டாம் வருடம் வந்தபோது எனக்கே ருசி வந்துவிட்டது. பட்டமளிப்பு அன்று எந்தச் சேலை கட்டுவது என்று என் மனைவி முடிவே செய்துவிட்டாள்.

குருக்கள் தங்கும் வீட்டில் வயதானவர்கள் அதிகம், அதனால் லிஃப்ட் உண்டு. ஒருநாள் அது பாதியில் நின்றுவிட்டது. மச்சான் கூப்பிட்டனுப்பினார். நான் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்து, குழிக்குள் கைவிளக்கோடு கயிறு பார்த்துக்கொண்டிருந்தேன். லிஃப்ட் குழியைப் போல ஒட்டுக்கேட்கும் இடம் உலகத்தில் கிடையாது. நாம் காதைப் பொத்திக்கொண்டாலும் அது கொண்டுவந்து கொடுக்கும். அடுத்த மாடி வரவேற்பறையில் சபையின் மாநிலத் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். மச்சானுக்கு மேலே இருப்பவர் அவர்.

"ஆள் இல்ல ஃபாதர். பகல் கல்லூரிக்கே ஆள் இல்ல. ரெண்டையும் நடத்த முடியாது."

"பகல்ல வர்றவங்க இது இல்லன்னா இன்னொரு கல்லூரிக்குப் போவாங்க ஃபாதர். இவங்களுக்குப் போக இடம் கிடையாது."

"தெரியும்."

"என்னைத் தலைமையிலேருந்து எடுத்துடுங்க. எங்க வேணும்னாலும் அனுப்புங்க. இதை மட்டும் விட்டுடுங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

மச்சான் கெஞ்சி நான் கேட்டதில்லை. கைவிளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன், ஏன் அணைத்தேன் என்று தெரியாது. மாநிலத் தலைவரும் கல்மனசுக்காரர் இல்லை. "செபம் பண்ணாம நான் இந்த முடிவுக்கு வரல. மூடித்தான் ஆகணும்" என்றார்.

கடைசியில் மச்சானின் குரல், "சரி ஃபாதர்" என்றது.

அந்த வாரமே எங்களையெல்லாம் பெரிய அரங்கத்தில் கூப்பிட்டார். மேடையில் ஏறவில்லை, கீழேயே, முதல் பெஞ்சுக்கு முன்னால் நின்றார். மாலைக் கல்லூரியை இந்த வருடத்தோடு மூட முடிவு செய்திருப்பதாகச் சொன்னார். படித்துக்கொண்டிருப்பவர்கள் பகல் வகுப்புக்கு மாறிக்கொள்ளலாம் என்றார். ரொட்டிக் கடை அக்கா எழுந்தார்.

"பகல்ல நான் இங்க வந்தா ரொட்டி யாரு சுடுவாங்க ஃபாதர், நீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் செத்துப்போனது. ஆம்புலன்ஸ் டிரைவர் கேட்டார்.

"இது யாரு எடுத்த முடிவு? அதைச் சொல்லுங்க மொதல்ல."

"நான் எடுத்ததுதான்" என்றார் மச்சான்.

"எங்களைக் கூட்டிட்டு வந்து நட்டாத்துல விடுறதுக்கு எதுக்கு ஃபாதர் கூட்டிட்டு வந்தீங்க?"

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கேட்ட ஏச்சையெல்லாம் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது, ஆனால் எழவில்லை.

கூட்டம் கலைந்ததும் நேரே அவர் அலுவலகத்துக்குப் போனேன். சுவரில் பழைய தலைவர்களின் படங்கள் வரிசையாக இருக்கும். அத்தனை பேரும் என்னையே முறைப்பது போல இருந்தது.

"மச்சான், நான் லிஃப்ட் குழிக்குள்ள இருந்தேன். எல்லாம் கேட்டேன்."

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"குட்டிகிட்ட சொல்லாதீங்க மாப்பிள்ளை. யாருகிட்டயும் சொல்லாதீங்க."

"ஏன்? நீங்க சண்டை போட்டீங்கன்னு தெரிஞ்சா அவங்க உங்களைக் கும்பிடுவாங்க."

"அதுக்குத்தான் வேண்டாங்கறேன். நான் நல்லவனா நின்னுக்கிட்டு அவரைக் கெட்டவராக்கினா, நான் சொன்ன 'சரி'க்கு என்ன அர்த்தம்?"

"இது பைத்தியக்காரத்தனம் மச்சான்."

"இருக்கலாம்" என்றார். பிறகு, கொஞ்சமும் எதிர்பாராமல், என் கையைப் பிடித்துக்கொண்டார். என் கையில் கிரீஸ் இருந்தது. வாக்குக் கொடுத்துவிட்டேன். வேறு என்ன செய்ய?

அடுத்த நாள் என் மனைவி போனாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்டாளாம். "நீயா முடிவு பண்ண?" என்று ஒரு தடவைக்கு மூன்று தடவை கேட்டிருக்கிறாள். "ஆமா குட்டி" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. வீட்டுக்கு வந்து, "இனிமே எனக்கு அண்ணன் இல்ல" என்றாள்.

சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து டீ குடிக்க வருவது அவர் பழக்கம். அதை அவர் நிறுத்தவில்லை. அவர் செருப்புச் சத்தம் படியில் கேட்டதுமே இவள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நான் போடும் டீ கழுநீர் மாதிரி இருக்கும். அதை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, மூடின கதவைப் பார்த்து "வரேன் குட்டி" என்பார். உள்ளே பாத்திரம் உருட்டும் சத்தம் நிற்கும். அவர் தெருவில் இறங்கிய பிறகுதான் மறுபடி கேட்கும். வருடக்கணக்கில் இதுதான் நடந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் நான், வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டு. சண்டை போட்டுக்கொள்ளாமலே சண்டை போடும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவன் பாடு உங்களுக்குத் தெரிந்தால் சரி.

பதவிக்காலம் முடியுமுன்பே மச்சானுக்கு மறதி வந்துவிட்டது. ஒரு சாயங்காலம் காலி வகுப்பறையில், கரும்பலகை நிறையக் கணக்குப் போட்டுவிட்டு, யாருமில்லாத பெஞ்சுகளைப் பார்த்து "புரிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். சபையின் முதியோர் இல்லத்துக்கு மாற்றினார்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் என்ன பணி என்று சபை அச்சிடும் கையேட்டில் போடுவார்கள். இவர் பெயருக்கு நேரே, 'திருச்சபைக்காகவும் சபைக்காகவும் செபிக்கிறார்' என்று இருந்தது. "என்ன மச்சான், பிரமோஷனா?" என்றேன். அன்று தெளிவாக இருந்தார். "டிரான்ஸ்ஃபர்" என்று சிரித்தார். அதுதான் அவர் என்னிடம் அடித்த கடைசி ஜோக்.

அதற்கப்புறம் என்னை யாரென்று தெரியாமல் போனது. இனி யாருக்காகக் காப்பாற்றுவது இந்த வாக்கை என்று ஒருநாள் என் மனைவியிடம் போட்டு உடைத்துவிட்டேன். லிஃப்ட் குழி, கெஞ்சல், 'சரி ஃபாதர்', எல்லாவற்றையும். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவே இல்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லணுமா? எங்கண்ணனை எனக்குத் தெரியாதா? அவன் அதை மூடுவானா?"

"பின்ன ஏன் இத்தனை வருஷம்..."

"ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எங்கிட்ட வந்து 'நான் வேணாம்னுதான் சொன்னேன் குட்டி'ன்னு சொல்ல மாட்டானான்னு இருந்தேங்க. சபைக்காரங்களுக்காக எங்களை விட்டான். எனக்காக அவங்களை ஒரு வார்த்தை அளவுக்காவது விடமாட்டானா? அதுக்குத்தான் கதவைச் சாத்திட்டு உக்காந்திருந்தேன். கதவைத் தட்டுவான்னு பார்த்தேன்." துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "டீயைக் குடிச்சுட்டுக் குடிச்சுட்டுப் போயிட்டான்."

மறுநாளே போனோம். ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்த்தியிருந்தார்கள். அவள் பின்னிய ஸ்வெட்டர், முழங்கை கிழிந்து ஒட்டுப் போட்டது. அவளைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். யாரென்று தெரியவில்லை. அவள் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணா, மாலைக் கல்லூரியை மூட வேண்டாம்னு நீ சொன்னதானே? எங்கிட்ட மட்டும் சொல்லு. இங்க வேற யாரும் இல்ல."

தங்கை யாரென்றே தெரியாத மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அலுவலகத்தில் உட்காருவது போலவே.

"அது என் முடிவும்மா. வேற யாரையும் குத்தம் சொல்லாதீங்க."

எனக்கு அந்தச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. எல்லாவற்றையும் மறந்த மனுஷன் இதையும் மறந்து தொலைத்திருக்கக்கூடாதா?

அவளை அவர் உற்றுப் பார்த்தார். "நீங்க அங்க படிச்சவங்களா? படிப்பு பாதியில நின்னுபோச்சா?" என்றார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "மன்னிச்சிடுங்கம்மா" என்றார். பிறகு ஜன்னலில் வெளிச்சம் இறங்குவதைப் பார்த்துப் பரபரத்தார். "கிளாஸுக்கு நேரமாச்சு. எல்லாரும் வேலை முடிஞ்சு வந்திருப்பாங்க. நான் போகட்டுமா?"

எழ முடியவில்லை, எழப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் பதில் சொல்கிறவரை விடமாட்டார் போலிருந்தது.

"சரி, போ" என்றாள் என் மனைவி. ஸ்வெட்டரின் நுனியைப் பிடித்திருந்த கையை மட்டும் அவள் எடுக்கவில்லை.